அரியாலைக் கதவுக்கு யார் பணம் போடுவது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. வழுக்கையாறு மாரியில் சில வாரம் ஓடிவிட்டுக் காய்ந்துவிடும். மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர். அதில் பெரும்பங்கு ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் சில பெருமழைகளாகக் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. கொட்டிய நீர் ஓடுவதற்கு ஆறில்லை, தேங்குவதற்குப் பள்ளங்கள்தான் உண்டு. களப்பு ஓரத் தரவைகளும் தாழ்ந்த வயல்களும் அவற்றையொட்டி அண்மைக் காலத்தில் எழுந்த வீட்டு வளவுகளுமே குடாநாட்டின் வெள்ளச் சமவெளி.

அரியாலை அப்படிப்பட்ட இடம். யாழ் நகருக்குக் கிழக்கே கண்டி வீதியின் இரு மருங்கிலும் பரந்து கிடக்கிறது. தெற்கே யாழ்ப்பாணக் கடல்நீரேரி, வடகிழக்கே செம்மணி வெளியும் உப்பாறும். கோப்பாய், நீர்வேலிப் பக்கத்து மழைநீரும் கைதடிப் பக்கத்து மழைநீரும் சரிந்துவந்து சேருமிடம் உப்பாறு. பெயரில் ஆறு இருந்தாலும் அது ஒரு களப்பு. அந்தக் களப்பு அரியாலைக்கும் நாவற்குழிக்கும் இடையில் கடல்நீரேரியோடு கலக்கிறது. கலக்கும் இடத்தில் 1950களில் ஓர் உவர்நீர்த் தடுப்பணை கட்டினார்கள். வடக்கே தொண்டைமானாற்றிலும் அதே பத்தாண்டில் இன்னொன்று எழுந்தது.

களப்புகளை மறித்து நன்னீர் தேக்கலாம் என்ற எண்ணம் ஆங்கிலேயர் காலத்தில், ட்வைனம் யாழ்ப்பாண அரச அதிபராக இருந்த நாட்களிலேயே பேசப்பட்டது. அதற்கு முழு வடிவம் கொடுத்தவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர் ச. ஆறுமுகம். 1954இல் அவர் முன்வைத்த 'யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு' திட்டத்தின் வழி இதுதான்: கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தைத் தாண்டி வீணாகும் கனகராயன் ஆற்று வெள்ளத்தை ஆனையிறவுக் களப்பில் மறிப்பது, முள்ளியான் ஊடாக ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் களப்புக்குக் கொண்டுவருவது, அங்கிருந்து உப்பாறுவரை நீட்டுவது. கடலுக்குத் தப்பிவிடாமல் தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போடுவது. அந்த ஆறு ஓடியிருந்தால் அரியாலையில்தான் முடிந்திருக்கும். முள்ளியான் வாய்க்கால் பாதிக்கு மேல் வெட்டப்பட்டுப் பணமில்லாமல் நின்றது. ஆனையிறவின் அணைக்கட்டு வேலைகளும் கைவிடப்பட்டு உடைந்தன. தலை இல்லாமல் வால் மட்டும் கட்டப்பட்ட திட்டம் என்று சொன்னால் பிழையில்லை. ஆனாலும் வாலுக்கு வேலை இருக்கிறது.

அந்த வேலை என்ன? கோடையில் கதவு மூடியிருக்க வேண்டும். இல்லையேல் வற்றுக்கடலைவிடத் தாழ வற்றிய களப்புக்குள் உவர்நீர் ஏறிவிடும். மாரியில் முதல் மழைகள் களப்பின் அடியில் கிடக்கும் உப்பைக் கரைக்கும். அந்த உப்புக் கரைந்த நீரை வற்று நேரம் பார்த்து வெளியே விட்டுவிட்டு, பின்னால் வரும் நல்ல நீரைத் தேக்கவேண்டும். ஆண்டுக்கு ஆண்டு இப்படிச் செய்தால் களப்பு கொஞ்சம் கொஞ்சமாக உவர் இழக்கும். ஆரம்பத்தில் இந்த அணைகளில் இருந்தவை மரப்பலகைக் கதவுகள். பலகை உக்கினால், அல்லது யாரோ ஒருவர் இரவில் ஒன்றைக் கழற்றிவிட்டால், பல மாரிகளின் உழைப்பு ஒரு பெருக்கில் போய்விடும்.

வெள்ள நேரத்தில் கதவு எவ்வளவு நீரை வெளியேற்றும் என்பது கதவின் அகலத்தை மட்டும் பொறுத்ததல்ல. உள்ளே இருக்கும் நீர்மட்டத்துக்கும் வெளியே கடல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே நீரைத் தள்ளுகிறது. அடிக்கதவு வழியாகப் பாயும் நீரின் வேகம் அந்த வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடு போகும். வித்தியாசம் பாதியானால் வெளியேற்றம் ஏறத்தாழ 70 வீதமாகக் குறையும். வித்தியாசம் பூச்சியமானால் கதவைத் திறந்தும் பயனில்லை. வடகடலில் வற்றுப்பெருக்கு வீச்சு அரை மீற்றர் அளவுதான். புயல் வரும்போது காற்று கடலைக் கரைக்குத் தள்ளி வெளிமட்டத்தை உயர்த்தும், அதே நேரத்தில் மழை உள்மட்டத்தை உயர்த்தும். கடல்மட்டமோ இப்போது உலக அளவில் ஆண்டுக்கு 3 முதல் 4 மில்லிமீற்றர் ஏறுகிறது. 30 ஆண்டில் 10 சென்ரிமீற்றர் என்றால் தேம்ஸ் நதிக்கரையில் அது சிறு தொகை. அரை மீற்றர் வீச்சில் வாழும் அரியாலைக்கு அது ஐந்தில் ஒரு பங்கு. வருங்காலத்தில் வற்று நேரம் சுருங்கும், கதவைத் திறக்கக்கூடிய மணித்தியாலங்கள் குறையும்.

இதில் மனிதர்களும் இருக்கிறார்கள். களப்பு ஓரத்தில் நெல் விதைத்த கமக்காரருக்குப் பயிர் மூழ்கும் முன் கதவு திறக்கவேண்டும். கடற்றொழிலாளருக்குக் கடல்நீரும் களப்பும் கலக்கவேண்டும், அப்போதுதான் இறால் குஞ்சு உள்ளே வரும். கிணற்று நீரில் தோட்டம் செய்பவருக்குத் தை, மாசிவரை கதவு மூடியே இருக்கவேண்டும். தாழ்ந்த வளவில் குடியிருப்பவருக்கு மழை தொடங்கு முன்பே களப்பு வெறுமையாக இருக்கவேண்டும். நால்வரின் கோரிக்கையும் நியாயமானது. ஒரே கதவால் நால்வரையும் ஒரே நாளில் திருப்திப்படுத்த முடியாது. பொறியியல் இங்கே தீர்ப்புச் சொல்லாது. எந்த மட்டத்தில், எந்தத் திகதியில், யார் சொல்லித் திறப்பது என்ற எழுத்து விதிதான் தீர்ப்புச் சொல்லும். அந்த விதி ஊரறிய எழுதப்பட்டிருக்க வேண்டும் என்பதே என் கட்சி.

2008 கார்த்திகையில் நிஷா புயலின்போது யாழ்ப்பாண வானிலை நிலையம் ஒரே நாளில் ஏறத்தாழ 390 மில்லிமீற்றர் மழையைப் பதிந்தது. 1918க்குப் பிறகு அவ்வளவு மழை பதிவானதில்லை. 390 மில்லிமீற்றர் என்றால் ஒரு சதுர கிலோமீற்றர் நிலத்தில் 390,000 கன மீற்றர் நீர். 2020 மார்கழியில் புரவி, 2024 கார்த்திகையில் ஃபெங்கல், 2025 கார்த்திகையில் டித்வா. டித்வாவில் இலங்கை முழுவதிலும் 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வொரு தடவையும் நடப்பது நமக்குத் தெரியும். பாடசாலைகள் முகாமாகும். சமைத்த உணவு வரும். கிராம அலுவலர் பெயர் எழுதுவார். டித்வாவுக்குப் பின் வீடு துப்புரவாக்க அரசு 25,000 ரூபா அறிவித்தது.

வெள்ளத்துக்குப் பிந்திய பணத்துக்கு இலங்கையில் வழிகள் பல உண்டு. தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016இல் 10 பில்லியன் ரூபா மதிப்பில் அனர்த்தக் காப்புறுதி எடுத்தது. 2014இல் உலக வங்கி 102 மில்லியன் டொலரை, அனர்த்தம் நடந்தால் உடனே எடுத்துக்கொள்ளும் கடனாக ஒதுக்கி வைத்தது. 2016 வைகாசி வெள்ளத்தில் அது எடுக்கப்பட்டது. இவை நல்லவை, வேண்டியவை. ஆனால் வெள்ளத்துக்கு முந்திய பணம், அதாவது கதவுக்கு வர்ணம் பூசவும் வாய்க்காலில் மண் அள்ளவும் வேண்டிய பணம், எந்தச் செய்தித்தாளிலும் தலைப்பாவதில்லை. வெள்ளம் வராத ஆண்டில் அதை வெட்டினால் யாரும் முறையிடுவதுமில்லை.

எந்த வேலைக்கு முதலில் பணம் என்று முடிவுசெய்ய ஒரு கணக்கு உண்டு. 1953 மாசியில் ஐரோப்பாவின் வடகடல் கொந்தளித்து நெதர்லாந்தில் 1,836 பேர் இறந்த பிறகு, கணிதவியலாளர் டேவிட் வான் டான்ஸிக்கிடம் அணை எவ்வளவு உயரம் இருக்கவேண்டும் என்று கேட்டார்கள். 1956இல் அவர் தந்த விடையின் சாரம்: அணையை இன்னொரு சாண் உயர்த்த ஆகும் செலவு, அதனால் குறையும் எதிர்பார்ப்புச் சேதத்துக்குச் சமமாகும் இடத்தில் நிறுத்து. சேதத்தை அது நிகழும் வாய்ப்பால் பெருக்கி, எல்லா அளவு வெள்ளங்களுக்கும் கூட்டினால் வருவது ஆண்டு எதிர்பார்ப்புச் சேதம். இன்றுவரை உலகெங்கும் வெள்ளத் திட்டங்களை வரிசைப்படுத்த இதுவே அடிப்படை.

வாய்ப்பு என்பதை நாம் பெரும்பாலும் பிழையாகத்தான் விளங்குகிறோம். 'நூறாண்டு வெள்ளம்' என்றால் வந்து போய்விட்டது, இனி நூறு ஆண்டுக்குப் பயமில்லை என்றல்ல. எந்த ஆண்டிலும் நூற்றில் ஒரு வாய்ப்பு. 30 ஆண்டு வீட்டுக் கடன் எடுத்துத் தாழ்நிலத்தில் வீடு கட்டும் ஒருவருக்கு, கடன் அடைபடுமுன் அந்த வெள்ளம் ஒரு தடவையாவது வரும் வாய்ப்பு 26 வீதம். நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்.

கணக்கு விளங்கட்டும் என்பதற்காக ஒரு கற்பனை ஊரை எடுப்போம். 100 வீடுகள். பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளத்தில் வீட்டுக்கு 2 இலட்சம் ரூபா சேதம். ஆண்டுக்குச் சராசரி 20 இலட்சம். அந்த ஊரில் 5 கோடி ரூபாவில் கொங்கிறீற்று வாய்க்கால் போட்டால் ஆண்டுக்கு 12 இலட்சம் மிச்சம் என்று வைப்போம். 8 வீத வட்டியில் 30 ஆண்டு மிச்சத்தை இன்றைய பணமாக்கினால் 1 கோடி 35 இலட்சம். 5 கோடி போட்டு 1 கோடி 35 இலட்சம் எடுப்பது. அதே ஊரில் ஆண்டுக்கு 3 இலட்சம் செலவில் ஒரு கதவைச் சரியாகப் பேணினால் 8 இலட்சம் மிச்சம் என்றால், ஒரு ரூபாவுக்கு இரண்டரை ரூபாவுக்கு மேல் திரும்புகிறது. எண்கள் நான் இட்டவை. ஆனால் உண்மையான ஊர்களிலும் பராமரிப்பு அடிக்கடி இப்படித்தான் வெல்கிறது, பின்னர் பட்டியலில் கடைசிக்குப் போகிறது. காரணம் எளிது. வெளிநாட்டுக் கடன் கட்டடத்துக்குக் கிடைக்கும், காவலாளியின் சம்பளத்துக்குக் கிடைக்காது. கதவுக்குக் கிறீஸ் பூசுவதைத் திறந்துவைக்க அமைச்சர் வரமாட்டார்.

வட்டி வீதம் இந்தக் கணக்கின் மறைகத்தி. 30 ஆண்டுக்குப் பின் தவிர்க்கும் 100 ரூபா சேதம், 10 வீத வட்டியில் இன்று 6 ரூபாகூடப் பெறாது. 4 வீதத்தில் 31 ரூபா. கடல்மட்ட உயர்வு போல மெல்ல வரும் ஆபத்துகளை ஒரு கணக்காளர் வட்டி வீதத்தை மாற்றியே இல்லாமல் ஆக்கிவிடலாம். திட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் இந்த எண்ணைத் தேடுங்கள்.

இன்னொரு கோணல் இதைவிடப் பெரியது. சேதத்தை ரூபாவில் அளந்தால் விலையுயர்ந்த வீடுள்ள ஊருக்கே காப்பு முதலில் போகும். 2010 கார்த்திகையில் கொழும்பு மூழ்கிப் பாராளுமன்ற வளாகத்தை வெள்ளம் சூழ்ந்தது. 2012இல் பெருங்கொழும்பு நகர அபிவிருத்திக்கு உலக வங்கி 213 மில்லியன் டொலர் கடன் கொடுத்தது; அதன் பெரும் நோக்கம் வெள்ள வடிகால். யாழ்ப்பாணத்துக்கு உபாய நகரங்கள் அபிவிருத்தித் திட்டத்தின் மேலதிக நிதியாக 55 மில்லியன் டொலர் 2016இல்தான் வந்தது. தலைநகரில் மக்கள் தொகையும் சொத்தும் அதிகம், ஆகவே கணக்கு அப்படி வரும் என்பது சரியே. ஆனால் தகரக் கூரை வீட்டில் 2 இலட்சம் இழந்த குடும்பத்துக்கு அது இரண்டு ஆண்டு வருமானமாக இருக்கலாம். மாடி வீட்டில் 20 இலட்சம் இழந்தவர் அடுத்த மாதமே எழுந்துவிடலாம். இங்கிலாந்து 2011இல் தன் வெள்ளக் காப்பு மானிய முறையை மாற்றியபோது, வறிய பகுதி வீடுகளைக் காப்பதற்கு அதிக விகிதம் வைத்தது. அந்தச் சிறு திருத்தம் நம் திட்டமிடல் அலுவலகங்களுக்கு வந்தால் கிழக்கு அரியாலை போன்ற இடங்கள் பட்டியலில் மேலேறும்.

கொழும்புத் திட்டத்தில் கற்கவேண்டியது வேறு. அங்கே ஈரநிலங்களை நிரப்பி விற்றால் வரும் இலாபத்தையும், அவற்றை விட்டுவைத்தால் அவை வாங்கிக்கொள்ளும் வெள்ளத்தையும் எடைபோட்டுப் பார்த்துவிட்டு, காப்பதே மேல் என்று முடிவெடுத்தார்கள். 2018இல் கொழும்பு ராம்சார் ஈரநில நகர அங்கீகாரம் பெற்றது. செம்மணி வெளியும் உப்பாற்றுத் தரவையும் அதே வேலையைத்தான் ஒரு சதம் கூலி இல்லாமல் செய்கின்றன. ஒரு ஏக்கர் தரவையில் ஒரு மீற்றர் மண் நிரப்பினால் 4,000 கன மீற்றர் நீர் பக்கத்து வளவைத் தேடிப் போகும். நிரப்பியவர் காணியை விற்றுவிட்டுப் போய்விடுவார், பக்கத்து வளவுக்காரர் நட்டஈட்டுப் படிவம் நிரப்புவார்.

எல்லாவற்றுக்கும் மேலாக, குடாநாட்டின் கணக்கில் உலகப் பாடநூல்கள் எழுதாத ஒரு வரி உண்டு. நமக்கு வெள்ளம் பகையும்தான், அடுத்த ஆடியின் குடிநீரும்தான். சுண்ணாம்புக் கல்லின் துளைகளில் மழைநீர் இறங்கி, கனத்த கடல்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர்மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீற்றர் நின்றால், கோட்பாட்டின்படி கீழே 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் தாங்கும். அதையே திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் 10 சென்ரிமீற்றர் குறைந்தால் கீழேயிருந்து உவர் 4 மீற்றர் ஏறும். கொங்கிறீற்று வாய்க்கால் போட்டு மாரி நீரை ஒரே இரவில் கடலுக்கு அனுப்பும் ஊர், சித்திரையில் பவுசரை எதிர்பார்த்து நிற்கும். 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனோடு தொடங்கிய யாழ்ப்பாண–கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டம், இரணைமடு நீரைப் பகிர்வதில் கிளிநொச்சி விவசாயிகளின் எதிர்ப்பால் திசை மாறியது. முடிவில் 2024 ஆவணியில் தாளையடியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் எடுக்கும் நிலையம் திறக்கப்பட்டது. கடல்நீரை வடிகட்ட மின்சாரம் எரிக்கும் விலையை, மாரி நீரைக் கடலில் விடும் வடிகால் திட்டங்களின் செலவுப் பக்கத்தில் எழுதவேண்டும். எழுதினால் பல வடிகால்கள் தோற்றுப்போகும், குளங்களும் கதவுகளும் வெல்லும். குடாநாட்டில் குளங்கள் ஆயிரத்துக்கு மேல் என்பார்கள். தூர்ந்தவற்றைத் திருத்துவது வெள்ள வேலையா குடிநீர் வேலையா என்று திணைக்களங்கள் ஆளுக்கு ஆள் தள்ளிவிடுவதால், எந்தத் தலைப்பிலும் பணம் கிடைப்பதில்லை.

சரி, பணம் யாருடையது? அரியாலையின் நகரப்பக்கம் யாழ் மாநகர சபைக்குள் வருகிறது, கிழக்குப் பக்கம் நல்லூர் பிரதேச சபைக்குள். கதவுக்கு மறுகரை சாவகச்சேரிப் பிரதேச சபை. வாய்க்கால் ஒருவரிடம், களப்பு இன்னொருவரிடம், வயல் கமநலத் திணைக்களத்திடம், வீதிக்குக் கீழான மதகு வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம். 13ஆம் திருத்தத்தின்படி மாகாணங்களுக்கு இடையே ஓடும் ஆறுகள் மத்திய அரசுக்குரியவை. கனகராயன் ஆறு வட மாகாணத்துக்குள்ளேயே பிறந்து முடிவது. ஆகவே அந்த ஆற்றுத் திட்டத்தை மாகாணமே முன்னின்று செய்யலாம். ஆனால் வட மாகாண சபையின் காலம் 2018 ஐப்பசியில் முடிந்தது, அதன்பின் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 வைகாசியில்தான் தேர்தல் வந்தது. எது முதலில் என்று முடிவெடுக்கவேண்டிய மேசையில் நடு நாற்காலி ஏழு ஆண்டுக்கு மேல் வெறுமையாகக் கிடந்தது.

தனியார் கொடையும் உண்டு. யாழ் நகரின் ஆரியகுளம் 2021இல் ஓர் அறக்கொடை நிலையத்தின் பணத்தில் அழகாகப் புதுப்பிக்கப்பட்டது. புலம்பெயர்ந்த உறவுகள் ஊர்க்குளம் திருத்தப் பணம் அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. நன்றிக்குரியது. ஆனால் கொடை கண்ணுக்குத் தெரியும் இடத்தையே நாடும். நடைபாதையும் விளக்கும் வரும், அந்தக் குளத்துக்கு நீர் வரும் வாய்க்கால் வராது.

நம்மை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தர் தங்கள் நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது பயன்தரும். 13ஆம் நூற்றாண்டிலிருந்தே அங்கே நீர்ச்சபைகள் உண்டு. வெள்ளத்திலிருந்து காக்கப்படும் நிலத்தின் சொந்தக்காரர் அந்தச் சபைக்கு வரி கட்டுவார், அதன் தேர்தலில் வாக்கும் போடுவார். பெரிய வேலைகளுக்கு 2013 முதல் டெல்டா நிதி தனியே வைக்கப்பட்டு, வேறு செலவுக்கு எடுக்க முடியாதபடி பூட்டப்பட்டிருக்கிறது. கோட்டை கட்டிய கையோடு இந்தப் பழக்கத்தையும் இங்கே விட்டுப்போயிருக்கலாம். நம்மிடமும் கமக்காரர் அமைப்புகள் வாய்க்கால் துப்புரவாக்கும் மரபு இருக்கிறது. வயலுக்கு மட்டும் நின்றுவிட்ட அந்த மரபுக்குள் வீட்டுக்காரரும் கடற்றொழிலாளர் சங்கமும் வந்தால், உப்பாற்றுக்கு ஒரு நீர்ச்சபை அமைய வேறொன்றும் வேண்டாம்.

அரியாலைக்கு நான் போடும் வரிசை இது. முதலில் கதவும் அதைத் திறந்து மூடும் ஆளும் எழுத்து விதியும். செலவு சிறிது, பயன் அடுத்த மாரியிலேயே தெரியும். அடுத்தது தாழ்நிலத்தை மட்டம் எடுத்து, எந்த வளவு எந்த வெள்ளத்தில் மூழ்கும் என்ற வரைபடத்தைக் கட்டட அனுமதி கொடுக்கும் மேசையில் ஒட்டுவது. மண் நிரப்புவதை அது நிறுத்தாவிட்டாலும் வெட்கப்பட வைக்கும். குளமும் வாய்க்காலும் பின்னர், ஆனால் ஒன்றாக. கொங்கிறீற்று வடிகால் கடைசி. முள்ளியான் வாய்க்காலையும் ஆனையிறவையும் நான் மறக்கவில்லை. அது பெரிய பணம், மாகாண மட்டத்து முடிவு. வாலில் ஒரு கதவை ஒழுங்காகப் பேண முடியாத நிர்வாகம் தலையைக் கட்டக் கடன் கேட்கும்போது வங்கிக்காரர் கேட்கும் முதல் கேள்விக்குப் பதில் இருக்காது.

உள்ளூராட்சி சபைகள் அடுத்த ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தைக் கார்த்திகை, மார்கழியில் நிறைவேற்றுகின்றன. அரியாலை ஒழுங்கைகளில் முழங்காலளவு நீர் நிற்கும் அதே வாரங்கள். அந்தக் கூட்டங்களைப் பொதுமக்களும் இருந்து பார்க்கலாம். போகும் வழியில் நனைந்தாலும் போங்கள். வாய்க்கால், குளம், கதவு பராமரிப்புக்கு அடுத்த ஆண்டு எத்தனை ரூபா ஒதுக்கியிருக்கிறீர்கள் என்று உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்.